சிப்பி உணவும் ஓராண்டு கழித்து வந்த வலிப்பு நோயும்: 1987 டொமோயிக் அமில நச்சு குறித்த நிகழ்வு ஆய்வு

வலிப்பு நோய் மூளையில் எப்படி உருவாகிறது என்று கேட்டால், நரம்பியலார் பெரும்பாலும் எலிகளை வைத்துத்தான் பதில் சொல்வார்கள். நரம்பணுக்களை அளவுமீறித் தூண்டும் கைனிக் அமிலத்தை எலிக்குக் கொடுத்தால் முதலில் மணிக்கணக்கில் வலிப்பு வரும். பிறகு சில நாட்களோ வாரங்களோ ஒன்றும் இராது. அதன்பின் யாரும் தூண்டாமலே வலிப்பு வரத் தொடங்கி, வாழ்நாள் முழுக்க நீடிக்கும். மனிதரிடம் இந்தத் தொடரை நாள் குறித்துப் பின்தொடர்வது மிக அரிது. மூளையில் முதல் காயம் எப்போது நேர்ந்தது என்பதே பல நோயாளிகளுக்குத் தெரியாது.

கனடாவில் 84 வயது முதியவர் ஒருவர் விஷயத்தில் அது தெரிந்திருந்தது. நஞ்சு உள்ளே போன காலம், அதன் வேதிப்பெயர், அது பற்றும் ஏற்பி (வேதிச் செய்தியை வாங்கும் நரம்பணுப் புரதம்), இடையில் எடுத்த ஈ.இ.ஜி. என்ற மூளை மின்அலைப் பதிவுகள், எம்.ஆர்.ஐ., இறுதியில் மூளைத் திசு என எல்லாம் ஒரே ஆளிடமிருந்து கிடைத்தன. மான்ட்ரியல் நரம்பியல் மருத்துவர்கள் 1995-இல் இதைப் பதிப்பித்தார்கள். அவருடைய கதையும் அதற்குப் பின்னால் இருந்த பெரிய நச்சு நிகழ்வும் இங்கே காலவரிசையில் தரப்படுகின்றன.

1987 நவம்பர்: பின்னணி

1987 நவம்பர் பிற்பகுதியில் கனடாவின் பல ஊர்களில் ஒரே மாதிரியான நோயாளிகள் மருத்துவமனைக்கு வந்தார்கள். அனைவரும் மஸல் என்ற நீலச்சிப்பி சாப்பிட்டிருந்தார்கள். 24 மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்றுப் பிடிப்பு, வயிற்றுப்போக்கு. 48 மணி நேரத்துக்குள் கடும் தலைவலி, குழப்பம், நினைவிழப்பு. சிலருக்கு வலிப்பும் மயக்கமும்.

நோய் வரையறைக்குள் வந்தவர்கள் 107 பேர். 76 விழுக்காட்டினருக்கு வாந்தி. 25 விழுக்காட்டினருக்கு அண்மை நினைவு இழப்பு. 19 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் 12 பேருக்குத் தீவிர சிகிச்சை தேவைப்பட்டது. வலிப்பு, மயக்கம், மூச்சுக்குழாயில் பெருகிய சுரப்பு, நிலையில்லாத இரத்த அழுத்தம் ஆகியவையே காரணம். மூவர் இறந்தார்கள்.

யாருக்குக் கடுமையாக இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வயது கூடக் கூட நினைவிழப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் கூடின. வயது குறைந்தும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சிறுநீரக நோய், நீரிழிவு போன்றவை முன்பே இருந்தன. இந்த நஞ்சை உடலிலிருந்து வெளியேற்றுவது முக்கியமாகச் சிறுநீரகம். அது மெதுவாக வேலை செய்தால் நஞ்சு இரத்தத்தில் கூடுதல் நேரம் நிற்கும். மூளைக்குள் போகும் அளவும் கூடும். ஒரே தட்டில் சாப்பிட்ட இருவரில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கும் மற்றவருக்கு ஆழ்ந்த மயக்கமும் வரக் காரணங்களில் இது ஒன்று.

நஞ்சைத் தேடிய விதம்

சிப்பிகள் பிரின்ஸ் எட்வர்ட் தீவின் கிழக்குக் கரையிலுள்ள ஆற்று முகத்துவாரங்களில் வளர்க்கப்பட்டவை. டிசம்பர் தொடக்கத்தில் அவற்றை உண்ண வேண்டாம் என்று அரசு எச்சரித்தது. நஞ்சின் பெயர் தெரியும்வரை காத்திராமல் விற்பனையை முதலில் நிறுத்தியது சரியான முடிவு. அதன்பின்தான் தேடல் தொடங்கியது.

அப்போது வழக்கத்தில் இருந்தது எலிச் சோதனை. 100 கிராம் சிப்பிச் சதையை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்து, அந்தச் சாற்றில் 1 மில்லிலிட்டரை 20 கிராம் எடையுள்ள எலியின் வயிற்றறைக்குள் செலுத்துவார்கள். தசைகளை முடக்கும் வழக்கமான சிப்பி நச்சு என்றால் எலி சில நிமிடங்களில் மூச்சடைத்துச் சாகும். இங்கே அப்படி நடக்கவில்லை. எலிகள் பின்னங்காலால் தோளைச் சொறிந்துகொண்டே இருந்தன. பிறகு வலிப்பு வந்து இறந்தன. பழகிய சோதனை பழகாத விடையைத் தந்தபோது அதை "தெளிவற்ற முடிவு" என்று ஒதுக்காமல் புதிய நஞ்சின் அடையாளமாக எடுத்துக்கொண்டதால்தான் வழி திறந்தது.

ஹாலிஃபாக்ஸ் நகரத்தின் தேசிய ஆய்வுக்கூடத்தில் வேதியியலாளர்கள் சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பகுதியையும் எலியில் சோதித்து, எந்தப் பகுதி சொறிதலை உண்டாக்குகிறதோ அதை மட்டும் மேலும் பிரித்தார்கள். நல்ல சிப்பிச் சாற்றை அருகில் வைத்து ஒப்பிட்டார்கள். டிசம்பர் 16-க்குள், ஐந்து நாட்களுக்கும் குறைவான நேரத்தில் விடை கிடைத்தது: டொமோயிக் அமிலம்.

வேதியியலுக்கு இது புதிய பொருள் இல்லை. ஜப்பானில் 1958-இல் ஒரு சிவப்புப் பாசியிலிருந்து பிரிக்கப்பட்டது; 20 மில்லிகிராம் அளவில் குடற்புழு மருந்தாகவும் கொடுக்கப்பட்டிருந்தது. கனடாவில் சிப்பிச் சதையின் ஒரு கிராமில் 900 மைக்ரோகிராம் வரை இருந்தது. 100 கிராம் சதை தின்றாலே 90 மில்லிகிராம். மிச்சம் வைத்த உணவை அளந்து மதிப்பிட்டதில், நோயுற்றவர்கள் உட்கொண்டது ஏறத்தாழ 60 முதல் 290 மில்லிகிராம் வரை. 15 முதல் 20 மில்லிகிராம் உட்கொண்ட ஒருவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வேகவைத்தாலும் இந்த நஞ்சு அழியாது.

நஞ்சை உண்டாக்கியது நிட்ஷியா இனத்தைச் சேர்ந்த ஒரு டயாட்டம், அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்பாசி. இன்று அதைச் சூடோநிட்ஷியா என்று வகைப்படுத்துகிறார்கள். மனிதருக்கு நஞ்சாகும் பொருளை டயாட்டம் உண்டாக்கும் என்று அதற்கு முன் யாரும் எண்ணியதில்லை.

ஏற்பியில் நடந்தது

மூளையில் ஒரு நரம்பணு மற்றொன்றைத் தூண்டப் பெரும்பாலும் பயன்படுத்துவது குளுட்டமேட். டொமோயிக் அமிலத்தின் மூலக்கூறுக்குள் குளுட்டமேட்டின் வடிவம் ஒளிந்திருக்கிறது. ஆனால் ஒரு வளையத்தில் இறுகிப் பூட்டப்பட்டிருக்கிறது. அதனால் குளுட்டமேட் ஏற்பிகளில், கைனிக் அமிலமும் பற்றும் கைனேட் வகையை அது மிக வலுவாகப் பற்றும். ஆம்பா என்ற வகையையும் திறக்கும். இயல்பான குளுட்டமேட்டைச் சுற்றியுள்ள ஆஸ்ட்ரோசைட்டுகள் என்ற துணைச்செல்கள் மில்லிநொடிகளில் உறிஞ்சிவிடும். டொமோயிக் அமிலத்துக்கு அத்தகைய துப்புரவு ஏற்பாடு இல்லை. அழைப்புமணிப் பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டது போல ஏற்பி திறந்தபடியே இருக்கும்.

முதலில் சோடியம் உள்ளே பாயும். நரம்பணுவின் மின்னழுத்தம் உயரும். என்எம்டிஏ என்ற மூன்றாம் வகைக் குளுட்டமேட் ஏற்பிகளின் வாயை அடைத்துக்கொண்டிருக்கும் மக்னீசியம் அயனி அந்த உயர்வில் விலகும். அதன் வழியே கால்சியம் கொட்டும். தூண்டப்பட்ட அணுக்கள் தங்கள் குளுட்டமேட்டையும் வெளியிடுவதால் பக்கத்து அணுக்களும் இதே சுழலில் மாட்டும். உள்ளே குவிந்த கால்சியம் புரதங்களை வெட்டும் நொதிகளை இயக்கும். மைட்டோகாண்ட்ரியாவை நிரப்பிச் செயலிழக்கச் செய்யும். நரம்பணு வீங்கிச் சாகும்.

புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் ஏன் முதலில் அடிபடுகிறது? அதன் நுழைவாயிலான டென்டேட் கைரஸிலிருந்து வரும் மாஸி இழைகள் என்ற நரம்பிழைகள், சிஏ3 என்ற அடுத்த பகுதியில் முடியும் இடத்தில் கைனேட் ஏற்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. சிஏ3 அணுக்கள் ஒன்றையொன்று தூண்டும் வலைப்பின்னலும் கொண்டவை. நஞ்சு பற்ற ஏற்பியும், பற்றிய தீ பரவ வழியும் அங்கே சேர்ந்தே இருக்கின்றன. நச்சுக்குப் பின் இறந்தவர்களின் மூளையைப் பரிசோதித்தபோது ஹிப்போகாம்பஸிலும் அதையடுத்த அமிக்டலாவிலும்தான் நரம்பணுக்கள் மிகுதியாக மடிந்திருந்தன. கைனிக் அமிலம் கொடுத்த விலங்குகளில் கண்ட அதே அமைப்பு.

முதியவரின் முதல் மூன்று வாரங்கள்

அவருக்குக் குமட்டல், வாந்தி, குழப்பம், பிறகு மயக்கம் என்ற வரிசையில் வந்தது. தொடர்ந்து உடல் முழுதும் வெட்டும் வலிப்பும், உணர்வு மங்கிய நிலையில் நிற்காமல் தொடரும் வலிப்பும் வந்தன. ஈ.இ.ஜி.யில் சீரான இடைவெளியில் வலிப்பு அலைகள் பதிவாயின.

இந்த நச்சு நோயாளிகளிடம் கிடைத்த சிகிச்சை அனுபவம் நோயின் உயிரியலோடு நேராகப் பொருந்துகிறது. ஃபெனிடோயின் அவ்வளவாக உதவவில்லை. சிரை வழியே கொடுத்த டயஸிபாமும் ஃபினோபார்பிடோனும் வலிப்பை அடக்கின. ஃபெனிடோயின் தடுப்பது மின்னழுத்தத்தால் திறக்கும் சோடியம் வாயில்களை. இங்கே அயனிகள் பாய்ந்தது நஞ்சு பற்றித் திறந்த ஏற்பிகள் வழியாக. அந்தக் கதவை ஃபெனிடோயின் தொடுவதில்லை. டயஸிபாம், ஃபினோபார்பிடோன் இரண்டும், மூளையின் முதன்மைத் தடுப்பு வேதியான காபாவின் ஏற்பி வழியே குளோரைடை உள்ளே விட்டு அணுவின் தூண்டலைக் கீழே இழுக்கின்றன. மருந்து மாற்றியதன் பின்னாலிருந்த தர்க்கம் அன்று எவ்வளவு தெளிவாக இருந்ததோ தெரியாது, இன்று அது தெளிவு.

ஏறத்தாழ மூன்று வாரங்களில் முதியவர் தேறினார். வலிப்பு நின்றது. புதிய செய்திகளைப் பதிவுசெய்யும் நினைவாற்றல் மட்டும் கடுமையாகக் குறைந்து, அப்படியே நின்றுவிட்டது.

ஒரு சொல் விளக்கம் இங்கே தேவை. இதுவரை அவருக்கு வந்தவை வலிப்புகள்; வலிப்பு நோய் இல்லை. நஞ்சு, காய்ச்சல், சர்க்கரைக் குறைவு போன்ற உடனடிக் காரணத்தால் வரும் வலிப்பு காரணம் நீங்கினால் நிற்கும். வலிப்பு நோய் என்பது தூண்டுதல் இல்லாமலே வலிப்பை எழுப்பும் நிலைக்கு மூளை மாறிவிடுவது. மருத்துவமனைக் குறிப்புகளில் இந்த இரண்டையும் கலந்து எழுதுவதால் பிறகு வரும் முடிவுகள் குழம்புகின்றன.

எட்டாம் மாதம்: இயல்பான ஈ.இ.ஜி.

எட்டு மாதம் கழித்து எடுத்த ஈ.இ.ஜி. இயல்பாக இருந்தது. வலிப்பும் இல்லை. குடும்பத்தார் நிம்மதியடைய எல்லாக் காரணமும் இருந்த காலம்.

ஆனால் உச்சந்தலையில் ஒட்டும் மின்முனை மூளையின் மேற்பரப்பைத்தான் நன்றாகப் பார்க்கும். ஏறத்தாழ 10 சதுர சென்டிமீட்டர் அளவுப் புறணி ஒரே நேரத்தில் அதிர்ந்தால்தான் தெளிவான அலை தெரியும். ஹிப்போகாம்பஸ் ஆழத்தில், சுருண்டு மடிந்து கிடக்கிறது. அதற்குள் மட்டும் நடக்கும் கலவரம் வெளியே கேட்காமலே போகலாம். இயல்பான ஈ.இ.ஜி. அந்த அரைமணி நேரத்தில் மேற்பரப்பில் ஒன்றும் தெரியவில்லை என்று மட்டுமே சொல்கிறது.

ஓராண்டுக்குப் பின்

நச்சு நிகழ்ந்து ஓராண்டு ஆனபோது அவருக்கு உணர்வு மங்கும் குவிய வலிப்பு, அதாவது மூளையின் ஒரு பகுதியில் எழும் வலிப்பு, தொடங்கியது. இம்முறை உடலில் நஞ்சு இல்லை. ஈ.இ.ஜி.யில், ஹிப்போகாம்பஸ் அடங்கியுள்ள மூளையின் பக்கவாட்டு மடல்களான இரு டெம்போரல் மடல்களிலும் வலிப்பு அலைகள், இடப்பக்கம் கூடுதல். எம்.ஆர்.ஐ.யில் இரு ஹிப்போகாம்பஸும் சுருங்கி, டி2 என்ற வகைப் படத்தில் வெளுத்துத் தெரிந்தன. பெட் ஸ்கேனில் இரு டெம்போரல் மடல்களும் குளுக்கோஸைக் குறைவாகவே பயன்படுத்தின.

நச்சு நிகழ்ந்து மூன்றேகால் ஆண்டு ஆனபோது அவர் நிமோனியாவால் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் இரு பக்கமும் கடுமையான ஹிப்போகாம்பஸ் தழும்பு காணப்பட்டது. நரம்பணுக்கள் மடிந்து, துணைத்திசு இறுகிப்போன இந்த அமைப்பை 1880-இலேயே சோமர் என்ற ஜெர்மானிய மருத்துவர் வலிப்பு நோயாளிகளிடம் விவரித்திருந்தார். அன்றிலிருந்து ஒரு கேள்வி ஓயவில்லை: தழும்பு வலிப்பின் காரணமா, விளைவா? இந்த முதியவரிடம் காயம் முதலில் வந்தது. மாதங்கள் கழித்தே நோய் வந்தது. மருந்தில் அடங்காமல் நீண்ட முதல் கட்ட வலிப்பும் காயத்தைக் கூட்டியிருக்கும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதற்குப் பிந்தைய தன்னியல்பு வலிப்புகளால்தான் தழும்பே உண்டானது என்று இங்கே சொல்ல இயலாது.

அமைதியான மாதங்களில் நடந்திருக்கக்கூடியவை

அவருடைய மூளையை அந்த மாதங்களில் யாரும் திறந்து பார்க்கவில்லை. கைனிக் அமிலம் கொடுத்த விலங்குகளிலும், அறுவையில் எடுத்த மனிதத் திசுவிலும் கண்டதைக்கொண்டு பேசலாம்.

முதலில், இழப்பு எல்லா அணுக்களுக்கும் சமமாக இல்லை. டென்டேட் கைரஸுக்குள் இருக்கும் ஹைலஸ் பகுதியில் சோமாடோஸ்டாடின் என்ற பொருளைச் சுரக்கும் தடுப்பு நரம்பணுக்கள் எளிதில் சாகின்றன. டென்டேட் கைரஸின் முக்கிய தூண்டல் நரம்பணுக்களான கிரானுல் செல்கள் பெரும்பாலும் பிழைக்கின்றன. காவலர் குறைந்து, காவலுக்கு உட்பட்டவர்கள் மிஞ்சுகிறார்கள்.

அடுத்து, பிழைத்த கிரானுல் செல்களின் மாஸி இழைகள் தாங்கள் போய்ச் சேரவேண்டிய அணுக்களை இழந்திருக்கின்றன. அவை புதுக் கிளை விட்டு, திரும்பி வந்து, கிரானுல் செல்களின்மேலேயே சினாப்ஸ் என்ற நரம்பிணைப்புகளை அமைக்கின்றன. ஒன்றையொன்று தூண்டாத அணுக்களுக்குள் இப்போது சுற்றுவழி உண்டாகிறது. அந்தப் புதுச் சினாப்ஸ்களில் பல, இயல்பாக அங்கே இல்லாத கைனேட் ஏற்பிகள் வழியே வேலை செய்கின்றன. நீண்டு நீடிக்கும் தூண்டல் அதனால் வருகிறது.

மூன்றாவது மாற்றம் நரம்பணுவின் உப்புக் கணக்கில். கேசிசி2 என்ற புரதம் குளோரைடை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். காயத்துக்குப் பின் அது குறைகிறது. குளோரைடு உள்ளே தேங்குகிறது. அந்நிலையில் காபா ஏற்பி திறந்தால் தணிப்பதற்குப் பதிலாகத் தூண்டலே நேரலாம். டெம்போரல் மடல் வலிப்பு நோயாளிகளின் அறுவைத் திசுவில் 2002-இல் இது காட்டப்பட்டது. ஆஸ்ட்ரோசைட்டுகளும் மாறுகின்றன, வெளியே சேரும் பொட்டாசியத்தை உறிஞ்சும் அவற்றின் திறன் குறைகிறது.

இவற்றில் எது முதன்மை என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. மாஸி இழை முளைப்பைப் பல ஆண்டுகள் முதல் குற்றவாளியாகப் பார்த்தார்கள். ஆனால் ராபமைசின் என்ற மருந்து கொடுத்து அதை அடக்கிய எலிகளிலும் வலிப்பின் எண்ணிக்கை குறையவில்லை என்று 2011-இல் வந்த ஆய்வு காட்டியது. தடுப்பு அணுக்களின் இழப்புக்கே அதிக எடை கொடுக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலை. அதற்கு ஆதாரம் கடலிலிருந்து வந்தது.

கடல் சிங்கங்கள்

1998-இல் கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாப் பகுதியில் இதே நஞ்சால் 400-க்கும் மேற்பட்ட கடல் சிங்கங்கள் இறந்தன. பிழைத்த விலங்குகள் சிலவற்றில் மாதங்கள் கழித்து வலிப்பு நோய் உண்டாவதை மருத்துவர்கள் பிறகு கண்டார்கள். அவற்றின் ஹிப்போகாம்பஸில் சோமாடோஸ்டாடின் அணுக்களின் இழப்பும் மாஸி இழை முளைப்பும் மனித நோயாளிகளை ஒத்திருந்தன. 2020 அக்டோபரில் அத்தகைய கடல் சிங்கம் ஒன்றின் ஹிப்போகாம்பஸில், பன்றிக் கருவிலிருந்து எடுத்த தடுப்பு நரம்பணு முன்னோடிச் செல்களைப் பதித்தார்கள். அதன்பின் அதன் வலிப்புகள் அடங்கின. ஒரே விலங்கு என்பதால் முடிவுகட்ட முடியாது, திசை தெரிகிறது.

இன்று இதே நோயாளி வந்தால் மாறவேண்டியவை

வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் டயஸிபாம் சேர்ந்த பென்ஸோடயஸிபைன் வகை மருந்து உடனே போக வேண்டும்: சிரை வழி லோராசிபாம் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், ஒரு தடவைக்கு 4 மில்லிகிராம் வரை. சிரை கிடைக்காவிட்டால், 40 கிலோவுக்கு மேற்பட்டவருக்குத் தசையில் மிடசோலாம் 10 மில்லிகிராம். பயத்தில் பாதி அளவு கொடுப்பதுதான் வழக்கமான தவறு. தாமதம் அதைவிடப் பெரியது. வலிப்பு நீள நீள, காபா ஏற்பிகள் சினாப்ஸிலிருந்து அணுவுக்குள் இழுக்கப்படுகின்றன. என்எம்டிஏ ஏற்பிகள் மேலே வருகின்றன. முதல் பத்து நிமிடத்தில் கேட்கும் மருந்து ஒரு மணி நேரம் கழித்துக் கேட்காததன் காரணம் இதுதான்.

வெட்டு நின்றும் நினைவு திரும்பாதவருக்கு ஈ.இ.ஜி.யைத் தொடர்ச்சியாக ஓடவிட வேண்டும். அசையாமல் கிடக்கும் உடலுக்குள் வலிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம். இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை என்பதால் சிறுநீரகச் செயல்பாட்டைக் காப்பது சிகிச்சையின் பாதி.

வலிப்பு மருந்தைத் தொடர்ந்து கொடுத்தால் பின்னால் நோய் வராது என்று உறுதி சொல்லக் கூடாது. தலைக்காயம் பட்ட 404 பேரிடம் ஃபெனிடோயினைச் சோதித்த 1990 ஆய்வில், முதல் வாரத்து வலிப்பு 14.2 விழுக்காட்டிலிருந்து 3.6 ஆகக் குறைந்தது. அதற்குப் பிந்தைய வலிப்பில் மாற்றமே இல்லை. மருந்து மின்சாரத்தை அடக்குகிறது. கம்பி மாற்றிக் கட்டப்படுவதைத் தடுப்பதில்லை.

பின்தொடர்வில் ஈ.இ.ஜி. மட்டும் போதாது. ஹிப்போகாம்பஸை அதன் நீள்அச்சுக்குச் செங்குத்தாக வெட்டிக் காட்டும் மெல்லிய எம்.ஆர்.ஐ. படங்களைச் சில மாதங்களில் எடுக்க வேண்டும். சுருக்கமும் டி2 வெளுப்பும் தெரிந்தால், ஈ.இ.ஜி. எப்படி இருந்தாலும் ஆபத்து இருக்கிறது. அப்படிப்பட்டவருக்குத் தூண்டுதலின்றி ஒரு வலிப்பு வந்தாலே வலிப்பு நோய் என்று முடிவெடுத்து மருந்து தொடங்க 2014 சர்வதேச வரையறை இடம் தருகிறது. இரண்டாவதுக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

வீட்டாருக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்ப வேண்டும். கை கால் வெட்டை எதிர்பார்த்திருப்பவர்கள் குவிய வலிப்பைத் தவறவிடுவார்கள்: பேச்சின் நடுவே நின்று வெறித்துப் பார்ப்பது, உதட்டைச் சப்புவது, சட்டை நுனியைப் பிசைவது, ஓரிரு நிமிடத்தில் தெளிந்து ஒன்றும் நினைவில்லை என்பது. ஏற்கெனவே நினைவு குறைந்த முதியவரிடம் இதை மறதி என்று தள்ளிவிடுவது மிக எளிது. நேரம் குறித்து, கைபேசியில் படம் பிடித்துக் கொண்டுவரச் சொன்னால் அடுத்த வருகையிலேயே முடிவெடுக்கலாம்.